நீலக்குதிரைச் சீர்

ஒரு கேம் செத்துப்போன மறுநாள் காலைல, திருமங்கலத்துல ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு இருக்கிற அப்பளக்காரச் சந்துல, தண்ணிக் கொழா பக்கத்துல ஒரு நீலக்குதிரை நின்னுக்கிட்டு இருந்துச்சு. நீலம்னா வெளுத்துப்போன லுங்கி நீலம் இல்ல, கேஸ் அடுப்புல சிம்முல வச்சா எரியுமே அந்த நீலம். பெடரி மயிரு வெள்ளி, நாலு குளம்புலயும் பொறி பறக்குது, மூச்சு விட்டா ஜவ்வாது வாசம். கொடத்த வரிசை போட்டுட்டு நின்ன பொம்பளைங்க அத மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு வாட்டி பாத்துட்டு முதமுதல்ல கேட்ட கேள்வி, இது தண்ணி குடிக்குமாங்கிறதுதான். குடிக்காதுன்னு தெரிஞ்சதும் அது கழுத்துல ரெண்டு கொடத்த மாட்டி விட்டுட்டு அவங்க பாட்டுக்கு வேலையப் பாத்தாங்க.

சோலைராசு அப்பத்தான் எந்திரிச்சு, பல்லு வெளக்காம, கையில போனோட வெளிய வந்தான்.

"யாருதுடா இது?"ன்னு பக்கத்து வீட்டு செம்பகக்கா கேட்டாங்க.

"என்னுதுதான்க்கா."

"ஒன்னுதா? எங்க வாங்குன?"

"போன்ல."

"இம்புட்டுப் பெருசு அந்தப் போனுக்குள்ளயா இருந்துச்சு?"

"மடிச்சு வச்சிருந்தேன்."

அவன் வாய் அப்படி. பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருசத்தோட நின்னவன், கேட்டரிங்குக்குப் பந்தி பரிமாறப் போனான், கொரியர் டெலிவரிக்குப் போனான், பந்தல் கட்டப் போனான், எங்க போனாலும் உக்காந்த எடம் சுடும், பத்து நாள்ல கெளம்பி வந்துருவான், வந்து திண்டாடிக்கிட்டு ரெண்டு தெருவ நாலு வாட்டி சுத்துவான். அவன் அசையாம இருந்த எடம் ஒண்ணே ஒண்ணு, 'ஏழு கோட்டை'ங்கிற அந்தக் கேமு. ஊர்ல பாதிப் பயலுக அத ஆடுனானுக, ஆனா காசு கட்டி ஆடுனவன் இவன் ஒருத்தன்தான். பந்தி பரிமாறுன கூலி குதிரையாச்சு, பந்தல் கட்டுன கூலி குடையாச்சு, கொரியர் கூலி கத்தியாச்சு, தீவாளிக்கு அம்மா சட்டை எடுக்கக் குடுத்தது ஒரு டான்ஸாச்சு. டான்ஸுன்னா, ஆளக் கொன்னுட்டு அவன் பக்கத்துல நின்னு இடுப்ப ஆட்டுறது. அதுக்கும் காசு.

கேமு கம்பெனிக்காரன் முந்தின நாள் சர்வர இழுத்து மூடும்போது ஒரு மெசேஜ் அனுப்பிச்சிருந்தான். இதுவரை எங்களுடன் பயணித்தமைக்கு நன்றி, நீங்கள் பெற்றவை யாவும் பயன்பாட்டு அனுமதி மட்டுமே, உடைமை அல்ல. சோலை அத செல்போன் கடை அஸ்லம்கிட்ட காட்டுனான். அஸ்லம் அவன்கூட அஞ்சாப்புல இருந்து படிச்சவன்.

"என்னடா அர்த்தம் இதுக்கு?"ன்னான் அஸ்லம்.

"இம்புட்டு வருசமா வாடகைக்கு இருந்திருக்கேன்னு அர்த்தம்."

மறுநாள் பாத்தா குதிரை கொழாயடில நிக்குது, குடை ஆணில தொங்குது, கத்தி அடுப்படில மினுக்கு மினுக்குங்குது. அப்பளக்காரச் சந்து சனத்துக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லி சாமானத் தெருவுல தூக்கிப் போடுறத எல்லாரும் பாத்தவங்கதான், கம்பெனிக்காரன் எடம் இல்லேன்னு தூக்கிப் போட்டா சாமான் எங்க போகும், வாங்குனவன் வீட்டுக்குத்தான வரும்னு சொல்லிட்டு மாவு பெசையப் போயிட்டாங்க.

டான்ஸு மட்டும்தான் கொஞ்ச நாளு தொந்தரவு. அதுக்கு உருவம் கெடையாது, வீட்டு நெலைப்படிகிட்ட ஈ மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு, படியத் தாண்டுறவங்க இடுப்புல ஏறிக்கிரும். சிலிண்டர் போட வந்தவரு தோள்ல சிலிண்டரோட ஒரு முழு டான்ஸ ஆடி முடிச்சிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி ரசீதக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போனாரு. சோலையோட அம்மா வீரம்மா, அப்பள மாவுத் தட்டோட போகயில தெனமும் ஆடுச்சு. முதல்ல திட்டிக்கிட்டே ஆடுச்சு, அப்பறம் முட்டிவலி கொஞ்சம் தேவலைன்னு சொல்லி தட்ட எறக்கி வச்சுட்டு இன்னொரு வாட்டி படியத் தாண்டுச்சு. கத்திய வச்சு மாவ உருட்டி வில்லை வில்லையா வெட்டுச்சு, கத்தி பட்ட அப்பளம் இருட்டுல லேசா வெளிச்சம் அடிக்குதுன்னு ஒரு ஹோட்டல்காரரு தனியா ஆர்டர் குடுத்தாரு.

குதிரைக்கு தீனி வேணாம், சாணி போடாது, அதனால சந்துல அதுக்கு மரியாதை கூடிருச்சு. ஒரே ஒரு கொறை, சிக்னல் கம்மியான எடத்துல திக்கும். வலது கால இங்க தூக்குனா அங்கிட்டுத்தான் வைக்கும், நடுவுல இருக்கிற எடத்துல அது இருக்கவே இருக்காது. ரயில்வே கேட்டுகிட்ட டவரே கெடையாதுல்ல, அங்க போனதும் குதிரை அப்படியே நின்னு, மங்கி, ஒரு சுத்து சுத்திட்டு, கேட்டு பூட்டியிருக்கும்போதே கேட்டுக்கு இங்கிட்டு வந்து நிக்கும். இது தெரிஞ்சதும் ஊரே வந்துருச்சு. பரீட்சைக்குப் போற புள்ளைங்க, பிரசவ வலி வந்த பொம்பளைங்க, பஸ்ஸுக்கு நேரமான வாத்தியாரு, கேட்டுப் பூட்டுனா "சோலை, குதிரைய எடுடா"ன்னு ஒரு சத்தம். ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்க சண்டைக்குத்தான் வந்தாங்க, வந்து குதிரையத் தடவிப் பாத்துட்டு, சரி, கடைசி ஆளா வரிசைல நிக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அவன் கையில கடிவாளம் இல்லாம குதிரை ஒரு அடி நகராது, அதனால நாளெல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் அவன்தான். கால் நிக்கிறது இல்ல, ஆனா மனசு மட்டும் வேற எங்கயோ ஓடிக்கிட்டே இருந்துச்சு. மூணு தெரு தள்ளி.

மூணு தெரு தள்ளித்தான் அவன் அக்கா கோதை இருந்தா. ஏழு வருசமா இருந்தா. ஏழு வருசத்துல ஒரு வாட்டிகூட பொறந்த வீட்டுப் படிய மிதிச்சது இல்ல.

காரணம் ஒரு பிரிட்ஜ். கல்யாணத்துக்கு சீரா எறக்குன பிரிட்ஜ், மண்டபத்துல பளபளன்னு ரிப்பன் கட்டி நிக்குது, மாப்பிள்ளை தெய்வேந்திரன் அப்ப பிரிட்ஜ் மெக்கானிக்கு, மாலை கழுத்தோட பின்னாடி குனிஞ்சு பாத்துட்டு, இது செகண்ட் ஹேண்டுன்னு சொல்லிட்டாரு. வீரம்மா புதுசுன்னு நம்பித்தான் வாங்குச்சு, வித்தவன் பழச பெயிண்டு அடிச்சுக் குடுத்துட்டான். யாரு சொல்லி யாரு கேக்க. சீர்ல பழச வச்சு ஏமாத்துன குடும்பம்னு பேராச்சு, ஒழுங்கான சீர் ஒண்ணு வாசலுக்கு வர்ற வரைக்கும் கோதை அங்கிட்டுப் போகக்கூடாதுன்னு தெய்வேந்திரன் சொல்லிட்டாரு. இப்ப அவருக்குச் சொந்தமா கடை, டிவி, பிரிட்ஜ், வாசிங் மிசின் எல்லாம் விக்கிறாரு. தவணையும் உண்டு. சொந்தம் மட்டும் தவணைல கெடையாது.

அவருக்கு இந்தக் கேமு சமாச்சாரம் சுத்தமாப் புடிக்காது. டீக்கடைல சோலையப் பாத்தா போதும்.

"மாப்ள, காத்துக்குக் காசு கட்டுறியாமே. பொருளுன்னா என்ன தெரியுமா? கால்ல போட்டா வலிக்கணும். அதுதான் பொருளு."

"மச்சான், நீங்க மாசாமாசம் ரீசார்ஜ் பண்றீங்கல்ல, அத எந்தக் கால்ல போடுறீங்க?"

டீக்கடை சிரிக்கும். தெய்வேந்திரன் சிரிக்க மாட்டாரு. சோலையும் உள்ளுக்குள்ள சிரிக்க மாட்டான், ஏன்னா அந்த மனுசன் சட்டைல அக்கா போட்ட இஸ்திரி மடிப்பு தெரியும்.

இப்படி இருக்கயில கோதை மகளுக்குக் காது குத்து வச்சாங்க. நிறைமதின்னு பேரு, ஆறு வயசு. எந்தச் சண்டை இருந்தாலும் காது குத்துக்கு தாய்மாமன் வேணும், புள்ள அவன் மடிலதான் உக்காரணும், அத யாராலயும் மாத்த முடியாது. தெய்வேந்திரன் பத்திரிகைய வெத்தலைப் பாக்கோட ஆள் விட்டுக் குடுத்துவிட்டாரு, கூடவே ஒரு வார்த்தையும் குடுத்துவிட்டாரு. சீர் ஒழுங்கா வந்தா கோதை அன்னைக்கே அம்மா வீட்டுக்கு வரலாம், போகலாம். இந்த வாட்டியும் மானம் போச்சுன்னா இனி அந்தப் பேச்சே கெடையாது.

அன்னைக்கு சாயங்காலம் கோதைகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. குக்கர் சத்தத்துக்கு நடுவுல, மெதுவா. "டேய் தம்பி, பெருசா ஒண்ணும் வேணாம்டா. ஆனா புதுசா இருக்கட்டும்." அம்புட்டுத்தான். சோலை அத எத்தன வாட்டி கேட்டான்னு அவனுக்கே தெரியாது.

"குதிரையக் குடுத்துருவோம்மா"ன்னான் வீரம்மாகிட்ட. "இத விடப் புதுசு ஊர்ல எவன்கிட்ட இருக்கு?"

வீரம்மா யோசிச்சுச்சு. "முதல்ல குடைய யாருக்காச்சும் குடுத்துப் பாரு"ன்னுச்சு. ஒரு வாட்டி பிரிட்ஜுல பட்டவ இல்லையா.

குடைய செம்பகக்காவுக்குக் குடுத்தான். நல்ல குடை, தங்கக் குஞ்சம் வச்சது, செம்பகக்கா புடிச்சுக்கிட்டு ராணி மாதிரி நடந்து தெருமுனை திரும்புனாங்க, திரும்புனதும் கையில குடை இல்ல, சோலை வீட்டு ஆணில தொங்குது. திரும்பக் குடுத்தான், திரும்ப வந்துச்சு. கத்தியக் குடுத்தான், கத்தியும் வந்துச்சு. அஸ்லம் கடைக்கு ஓடுனான். அஸ்லம் ஒரு போனோட முதுகப் பிரிச்சு வச்சுக்கிட்டே சொன்னான்.

"அந்தக் கேமுல கிஃப்டு ஆப்சனே கெடையாதேடா. ஐடி யாருதோ பொருளும் அவனுக்குத்தான். பாஸ்வேர்டச் சொல்லிட்டீன்னா வாங்குனவுங்ககிட்டயே நிக்கும்."

"மாத்தி வேற பாஸ்வேர்டு வச்சுட்டுச் சொன்னா?"

"மாத்துறதுக்கு சர்வர் வேணும். அதத்தான் மூடிட்டானே. என்ன பாஸ்வேர்டு வச்ச, சொல்லு, முதல்ல என்கிட்ட டெஸ்ட் பண்ணிருவோம்."

 சோலை மேசைல கெடந்த ஒரு திருகாணிய எடுத்து உருட்டுனான்.

"அசிங்கமா எதுவும் வச்சிருக்கியாடா?"ன்னான் அஸ்லம்.

"ஆமா"ன்னான். "ரொம்ப அசிங்கம்."

அதுக்கப்பறம் காது குத்து வரைக்கும் அவன் படுத்துத் தூங்குன மாதிரியே தெரியல. குதிரைய ஓட்டுனான், டீக்குடிச்சான், பாதி டீய வச்சுட்டு எந்திரிச்சான், போன எடுத்தான், அதுல தொடுறதுக்கு ஒண்ணும் இல்லாம திரும்பப் பைக்குள்ள போட்டான், கேட்டுவரைக்கும் போயிட்டு எதுக்கு வந்தோம்னு மறந்துட்டு நின்னான். எல்லாருக்கும் முன்னாடி கயித்த மச்சான் கையில குடுத்துட்டு கண்ண மூடிக்கிருவோம், மண்டபத்துல வச்சாச்சும் அது நின்னுராதான்னு நெனச்சான். எந்த நம்பிக்கையில நெனச்சான்னா, எந்த நம்பிக்கையிலயும் இல்ல.

சீர் நல்லாத்தான் கெளம்புச்சு. முன்னாடி கொட்டு மேளம், அப்பறம் தாம்பாளத்துல வாழைப்பழம், தேங்கா, பாவாடை சட்டை, சந்தனம், வெளிச்சம் அடிக்கிற அப்பளம் ஒரு அடுக்கு, தங்கக் குஞ்சக் குடைக்கு அடில வீரம்மா, எல்லாத்துக்கும் பின்னாடி ரோசாப்பூ மாலை போட்ட நீலக்குதிரை, அதுக்கு நெத்தில வீரம்மா வச்ச சந்தனப் பொட்டு. கேட்டுகிட்ட வந்ததும் குதிரை மங்கி, ஒரு சுத்து சுத்தி, அங்கிட்டுப் போயி நின்னுச்சு, கொட்டுக்காரங்க கேட்டு தொறக்குற வரைக்கும் இங்கிட்டு நின்னு அடிச்சாங்க. தெருவுல எல்லாரும் மாடில ஏறிப் பாத்தாங்க. ஒரு பாட்டிலத் தூக்கிட்டுப் போற மாதிரி அலட்சியமா கயித்தப் புடிச்சுக்கிட்டு சோலை நடந்தான், குதிரை வருதான்னு மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டான்.

மண்டப வாசல்ல தெய்வேந்திரன் வேட்டி சட்டைல நின்னாரு. அக்கா பின்னாடி நின்னா, பட்டுச்சேலை, கையில ஆரத்தித் தாம்பாளம். ஏழு வருசத்துல ரோட்டுல, கடைல, கோயில்ல தூரத்துல பாத்தது உண்டு, இம்புட்டுப் பக்கத்துல இல்ல. கொஞ்சம் சதை போட்டிருந்தா. அவனப் பாத்து சிரிக்கல, சிரிச்சா அழுதுருவோம்னு தெரிஞ்ச மூஞ்சி.

தெய்வேந்திரன் குதிரையச் சுத்தி வந்தாரு. பழக்கம் விடுமா, பின்னாடி போயி குனிஞ்சு, வாலத் தூக்கி, ஸ்டிக்கர் ஏதாவது இருக்கான்னு பாத்தாரு. பல்லப் பாத்தாரு. பெயிண்டான்னு நகத்தால சொரண்டிப் பாத்தாரு, நகத்துல நீல வெளிச்சம்தான் ஒட்டுச்சு. சொரண்டுனது குதிரைக்குக் கூசுச்சோ என்னமோ, ஒரு அடி தள்ளி வச்சுச்சு, வச்ச குளம்பு அவரு கால் மேல.

"ஆ"ன்னாரு.

"வலிக்குதா மச்சான்?"ன்னான் சோலை. "அப்ப பொருளுதான்."

மண்டபமே சிரிச்சுச்சு, தெய்வேந்திரனுக்கே உதட்டோரம் லேசா வந்துருச்சு. "சரி, புதுசுதான். கொண்டா"ன்னு கையை நீட்டுனாரு. மைக்குக்காரரு "தாய்மாமன் சீராக நீலக்குதிரை"ன்னு சொன்னாரு. சோலை கயித்த மச்சான் கையில வச்சான்.

கயிறு சோலை கையில இருந்துச்சு.

திரும்ப வச்சான். திரும்ப இவன் கையில இருந்துச்சு. தெய்வேந்திரன் ரெண்டு கையாலயும் புடிச்சு, மணிக்கட்டுல சுத்தி, இறுக்கி முடிச்சே போட்டாரு. முடிச்சோட சோலை மணிக்கட்டுல வந்து உக்காந்துச்சு. அப்பளமும் தேங்காயும் போன எடத்துல நின்னுச்சு, குதிரை மட்டும் போகல. சிரிப்பு அடங்கிருச்சு.

"என்ன மாப்ள இது?"

"மச்சான், அது வந்து, ஐடி..."

"அன்னைக்கு பிரிட்ஜு, இன்னைக்குக் குதிரை." அவரு கத்தல, அதுதான் பயமா இருந்துச்சு. "குடுக்குற மாதிரி குடுத்துட்டு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோற சீர நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். சரி, விடு. வந்ததுக்கு மடிய மட்டும் குடுத்துட்டுப் போ. இதோட முடிஞ்சுது."

சோலை அக்காவப் பாத்தான். அக்கா தரையப் பாத்தா.

முடிச்ச அவுத்து குதிரைய வாசல்லயே விட்டுட்டு வந்தவன மனைல உக்கார வச்சாங்க. மொட்டையடிச்சு சந்தனம் பூசுன தலையோட நிறைமதிய மடில வச்சாங்க. இதுவரைக்கும் இவன் தொட்டதே இல்லாத புள்ள, சந்தனமும் கண்ணீருமா வழுவழுன்னு இருந்துச்சு, இவன் சட்டைப் பித்தானப் புடிச்சுத் திருகிக்கிட்டே "மாமா, குதிரை எனக்கு இல்லையா?"ன்னு கேட்டுச்சு. ஆசாரி ஊசியோட குனிஞ்சாரு. சோலைக்கு அப்ப ஒண்ணு தோணுச்சு. மச்சானுக்கு எதுக்குக் குடுக்கணும். சீரு புள்ளைக்கு. புள்ளைட்டச் சொன்னா புள்ளைட்ட நிக்கும், ஆறு வயசுக்கு என்ன புரியப் போகுது, வேற ஒரு காதுக்கும் போகாது.

ஊசி எறங்குற காதுக்கு மறு காதுல வாய வச்சு, ஏழு வருசமா ஒரு உசுருகிட்டயும் சொல்லாத பாஸ்வேர்ட சொன்னான்.

புள்ள வீல்னு கத்துச்சு. மைக்குக்காரரு, காதுகுத்துல புள்ள அழுகுற சத்தத்த மண்டபம் பூராவும் கேக்க விடுறது அவரு வழக்கம், வீடியோல அது வரணும்ல, மைக்கக் கொண்டாந்து வாய்கிட்ட நீட்டிக்கிட்டே, அழுகாத தாயி, மாமா காதுல என்ன சொன்னாரு, சொல்லுன்னாரு. புள்ள அழுகைய நிப்பாட்டி, ஒரு விக்கல் விக்கிட்டு, மைக்குல தெளிவாச் சொல்லுச்சு.

"அக்காவத் திருப்பிக் குடு."

எக்கோ வச்ச மைக்கு. குடு, குடு, குடுன்னு சாப்பாட்டு ஹால் வரைக்கும் போச்சு. எலை போட்டுக்கிட்டு இருந்தவங்க அப்படியே நின்னாங்க. ஏழு வருசத்துக்கு முன்னாடி சோலை அந்தப் போன வாங்கி, அந்தக் கேம ஏத்தி, பாஸ்வேர்டு வைன்னு அது கேட்டப்ப வீட்டுல யாரும் இல்ல. அம்மா அப்பளக் கம்பெனிக்குப் போயிருந்துச்சு, சோறு போட்ட அக்கா மூணு தெரு தள்ளிப் போயிருந்தா, பதிமூணு வயசுப் பய வாயில என்ன இருந்துச்சோ அத அடிச்சிருக்கான். கோதை ஆரத்தித் தாம்பாளத்தக் கீழ எறக்கி வச்சுட்டுத் தம்பியையே பாத்தா. சோலை தலைய நிமுத்தவே இல்ல, புள்ளையோட மொட்டைத் தலைக்குப் பின்னாடி மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டான்.

குதிரை வாசல்ல இருந்து நடந்து, வரிசையா வச்ச சீர்த் தாம்பாளம் ஒண்ணையும் மிதிக்காம வந்து, நிறைமதி பக்கத்துல நின்னுச்சு. கயிறு புள்ள கையில. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், அங்கேயே இருந்துச்சு. வீரம்மாவுக்கு மூச்சே அப்பத்தான் வந்துச்சு.

அப்பத்தான் சாப்பாட்டு ஹால்ல இருந்து எவனோ ஒருத்தன், பந்தில சாம்பார் வாளியோட நின்னவன், சும்மா சொல்லிப் பாப்போமேன்னு "அக்காவத் திருப்பிக் குடு"ன்னான். காதத் தொட்டுப் பாக்கப் புள்ள கயித்த விட்டிருந்துச்சு, குதிரை திரும்பி அவன்கிட்டப் போச்சு. இன்னொருத்தரு சொன்னாரு, அவருகிட்டப் போச்சு. அப்பறம் மண்டபமே சொல்லுச்சு, குதிரை தலைசுத்தி நின்னுச்சு.

தெய்வேந்திரன் புள்ள காதுல போட வச்சிருந்த கம்மலத் தட்டுல போட்டுட்டு எந்திரிச்சாரு. "ஊருக்கே குடுத்தத எனக்குக் குடுத்த சீருன்னு எப்படிச் சொல்லுவ? பொதுக் கொழாயக் கொண்டாந்து சீர்ல வச்ச மாதிரி இருக்கு." அவரு சொன்னதுல நியாயம் இல்லேன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியல. சோலை வெறுங்கையோட வீட்டுக்கு வந்தான். ஆணில குடை இல்ல.

அதுக்கப்பறம் திருமங்கலம் பூரா அந்த ஒரு பேச்சுதான். காலைல பால்காரரு கேனத் தூக்கி வச்சுக்கிட்டு "அக்காவத் திருப்பிக் குடு"ம்பாரு, குதிரை வரும். பள்ளிக்கூடம் விட்டா புள்ளைங்க கோரஸா சொல்லும். மழை வந்தா குடைக்காக ஒருத்தரு சொல்வாரு, பூசணிக்கா வெட்டக் கத்திக்காக ஒருத்தி சொல்லுவா, கல்யாண வீட்டுல டான்ஸுக்காக எளவட்டப் பயலுக சொல்லுவானுக. போலீஸ் ஸ்டேசன்ல சொன்னாங்க, ரேசன் கடைல சொன்னாங்க, அக்கா தம்பியே இல்லாத ஒத்தைப் புள்ளைங்க சொல்லுச்சு. அர்த்தத்த நெனச்சு யாரும் சொல்லல, குதிரை வேணும், சொன்னாங்க. ஆனா தெய்வேந்திரன் வீடு மெயின் ரோட்டுல இருக்கு. விடிஞ்சதுல இருந்து பொழுது அடையிற வரைக்கும், வாசல்ல, சன்னலுக்கு அடில, கடைக்கு எதுத்தாப்புல, கொழந்தைக் கொரல்ல, கெழட்டுக் கொரல்ல, கெஞ்சி, அதட்டி, பாடி, இருமிக்கிட்டே, ஊரே அவருகிட்ட ஒண்ணத் திருப்பிக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சன்னல மூடுனாரு. ஏசியப் போட்டாரு. கடைல இருந்த டிவியெல்லாம் ஒண்ணாச் சத்தமா வச்சாரு. நிறைமதி சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்துக்கிட்டு அப்பா மூஞ்சியப் பாத்தே அதச் சொல்லும், சொல்லிட்டு குதிரைல ஏறிப் பள்ளிக்கூடம் போயிரும்.  கோதை ஒருத்திதான் ஊர்ல அந்தக் குதிரையக் கூப்புடாதவ.

சோலை அப்பளக்காரச் சந்துல வெறுங்கையோட சுத்துனான். போற எடமெல்லாம் அவனோட ரகசியம் அவனுக்கு எதுக்க வந்துச்சு. முதல் வாரம் காதப் பொத்திக்கிட்டு நடந்தான், அப்பறம் முடியல.

"ஒன் பாஸ்வேர்டுதாண்டா ஊருக்கே காலிங் பெல்லு"ன்னான் அஸ்லம்.

"தொறக்க வேண்டிய வீடு தொறக்கலையே"ன்னான் சோலை. 

கல்யாண மாசம் வந்துச்சு. ஒரு முகூர்த்த நாளு, கேட்டுக்கு அங்கிட்டு ஒரு கல்யாணம், அந்தப் பொண்ணு வீட்டுக்கு சீர்ப் பிரிட்ஜு தெய்வேந்திரன் கடைல இருந்து போகணும். பிரிட்ஜ ரிப்பன் கட்டி வண்டில ஏத்தியாச்சு, கேட்டுல ஒரு கூட்ஸ் வண்டி பழுதாகி நீட்டுக்கு நின்னுருச்சு. முகூர்த்தம் நெருங்குது. பொண்ணோட அப்பா போன் மேல போன், அண்ணே சபைல சீர் இல்லேன்னா என் மானம் போயிரும்ணே, எப்படியாச்சும் அனுப்புங்கண்ணேன்னு அழுகுறாரு. தெய்வேந்திரன் கடை வாசல்ல நின்னு இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. பிரிட்ஜ சுமந்துக்கிட்டு கேட்டத் தாண்டுறதுக்கு ஊர்ல ஒண்ணுதான் இருக்கு.

மெதுவா, மீசைக்குள்ள, "அக்காவத் திருப்பிக் குடு"ன்னாரு.

ஒண்ணும் வரல.

"கேக்கலையாம்ணே, சத்தமா"ன்னாரு டீக்கடைக்காரரு, கிளாஸ ஆத்திக்கிட்டே.

சத்தமாச் சொன்னாரு. குதிரை தெரு முக்குல திரும்பி வந்துச்சு. வந்து வாசல்ல நிக்கவும், கடைக்கு மேல இருக்கிற வீட்டு மாடிப்படில இருந்து கோதை எறங்கி வந்தா. கேஸ அணைச்சுட்டு வந்தவ, ஈரக் கைய முந்தானைல தொடச்சுக்கிட்டே, ஒரு கட்டைப் பை, இன்னொரு கையில நிறைமதி. புருசன் மூஞ்சிய ஒரு வாட்டி பாத்தா.

"நீங்களே கேட்டுட்டீங்கல்ல"ன்னா. "நான் போயி அக்காவக் குடுத்துட்டு வந்துர்றேன்."

புள்ளைய முன்னாடி ஏத்தி, தானும் ஏறி, கயித்தப் புடிச்சா. ஒருத்தரு கயித்தப் புடிச்சிட்டா அவங்களா விடுற வரைக்கும் குதிரை யாரு கூப்பிட்டாலும் போகாது, அது ஊருக்கே தெரியும். ரிப்பன் கட்டுன பிரிட்ஜு ரோட்டுல நின்னுச்சு, தெய்வேந்திரன் பக்கத்துல நின்னாரு. கேட்டுகிட்ட குதிரை மங்குச்சு, அக்காவும் மங்குனா, கூட்ஸ் வண்டிக்கு இங்கிட்டு ஒருத்தரும் இல்ல.

அப்பளக்காரச் சந்துல சோலை கால மாத்தி மாத்தி நின்னு அப்பளத்துக்குக் காக்கா வெரட்டிக்கிட்டு இருந்தான். எதுத்தாப்புல குதிரை வந்து நின்னுச்சு. கோதை எறங்குனா. கயித்த சன்னல் கம்பில நல்லா இறுக்கிக் கட்டுனா. அவன் மூஞ்சியப் பாத்து, "எளைச்சுட்ட. அம்மா சோறு ஒழுங்காப் போடுதா இல்லையா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. உள்ள வீரம்மா தட்டு வைக்கிற சத்தம் கேட்டுச்சு, அப்பறம் மூக்குச் சிந்துற சத்தம்.

ரொம்ப நேரம் ஆகல. கூட்ஸ் வண்டிக்கு அடில குனிஞ்சு, வேட்டில கரி அப்பி, தெய்வேந்திரன் சந்துக்குள்ள வந்தாரு. ஏழு வருசத்துக்கு அப்பறம் மாப்பிள்ளை காலு சந்துல பட்டுச்சுன்னு கொழாயடியே கொடத்த எறக்கி வச்சுட்டுப் பாத்துச்சு. செம்பகக்கா "வாங்க மாப்ளே"ன்னு முறைக்குச் சொன்னாங்க. அவரு சன்னல் கம்பில கட்டுன கயித்த அவுக்கப் பாத்தாரு, முடிச்சு வரல. கட்டுனவ கைக்குத்தான் அது அவுறும். அவரு நெலைப்படிகிட்ட நின்னு, உள்ள பாத்து, தொண்டையச் செருமிக்கிட்டு, மெதுவா அந்த வார்த்தையச் சொன்னாரு.

சோலை செவத்துல சாஞ்சு நின்னான். ஒரு காலு மேல ஒரு காலப் போட்டு, முதல்வாட்டியா எந்த அவசரமும் இல்லாம.

"சத்தமா மச்சான்"ன்னான். "இங்க டவரு கம்மி."

 தெய்வேந்திரன் கண்ண மூடிக்கிட்டு, கொழாயடி பூரா கேக்குற மாதிரி, நெசமாவே தனக்குத் தேவைப்பட்டதக் கேக்குற மனுசனோட கொரல்ல, "அக்காவத் திருப்பிக் குடு"ன்னாரு.

உள்ள கோதை தட்டுல ரசம் ஊத்திப் பெசைஞ்சுக்கிட்டு இருந்தா. எந்திரிக்கல.

"டேய் தம்பி"ன்னா, வாயில சோத்தோட. "பிரிட்ஜுக்கு மட்டும் குதிரைய அவுத்துக் குடுக்குறேன். மத்தத நாளைக்கு வந்து கேக்கச் சொல்லுடா."